சூரிய மின்சாரத்தை நேரடியாக எலக்ட்ரோலைசருக்கு, அதாவது தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் எனப் பிரிக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்து ஹைட்ரஜன் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரு கிலோவுக்குச் சுமார் 50 முதல் 55 யூனிட் மின்சாரமும், வினைக்கு மட்டும் 9 லிட்டர் தண்ணீரும் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவது தனி.

சிக்கல் மேகம் மறைக்கும்போதுதான். காரக் கரைசலில் இயங்கும் ஆல்கலைன் வகையில் மின்சுமை 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன் உற்பத்தி சரிந்துவிடும். ஆனால் இரு வாயுக்களையும் பிரித்து வைக்கும் தடுப்புச் சவ்வைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் அவ்வளவாகக் குறையாது. ஆக்சிஜன் குழாயில் அதன் பங்கு ஏறிக்கொண்டே போகும். 4 சதவீதம் வந்தால் வெடிக்கக்கூடிய கலவை. ஆகவே 2 சதவீதத்திலேயே இயந்திரம் தானாக நிற்கும்படி அமைப்பார்கள். அடிக்கடி நின்று ஓடினால் மின்முனைகளும் சீக்கிரம் தேயும்.

என் பரிந்துரை: காற்றாலை மின்சாரத்தையும் சேருங்கள், குறைந்தபட்சச் சுமையைத் தாங்க ஒரு பேட்டரி வையுங்கள். காரக் கரைசலுக்குப் பதில் புரோட்டான்களைக் கடத்தும் சவ்வு கொண்ட பி.ஈ.எம். வகை ஏற்ற இறக்கத்தை நன்றாகச் சமாளிக்கும், ஆனால் அதற்கு இரிடியம் என்ற அரிய உலோகம் தேவை.