வெள்ளைக் காகம் ஒன்று போதும்

கேள்வி: தேர்வில் "எல்லாக் காகங்களும் கறுப்பு" என்ற எடுப்புக்கு (மெய் அல்லது பொய் என்று சொல்லத்தக்க வாக்கியத்துக்கு) முரண் எடுப்பு எழுதச் சொன்னார்கள். "எந்தக் காகமும் கறுப்பல்ல" என்று எழுதினேன். பூஜ்யம் போட்டுவிட்டார்கள். நேர் எதிரானதைத்தானே எழுதினேன்? (கல்லூரி மாணவி)

பதில்: நேர் எதிரானதை எழுதியதுதான் வம்பாகிவிட்டது. முப்பது வருடம் அளவையியல் (தர்க்கம்) விடைத்தாள் திருத்தியவன் நான். இந்த ஒரு விடையை எத்தனை முறை சிவப்பு மையால் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நானாக இருந்தால் அரை மதிப்பெண்ணாவது போட்டிருப்பேன்.

வெள்ளைக் காகம் பார்த்திருக்கிறீர்களா? நிறமி இல்லாமல் பிறக்கும் காகங்கள் உண்டு. அரிது, ஆனாலும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்தால் கேள்வித்தாளில் இருந்த வாக்கியம் அந்த நிமிடமே பொய். சரி, அதனால் உங்கள் வாக்கியம் மெய்யாகிவிட்டதா? மரத்தில் மீதிக் காகங்கள் கறுப்பாகத்தானே இருக்கின்றன? அதுவும் பொய். இரண்டுமே விழுந்துவிட்டன. முரண் என்றால் அப்படி விழக்கூடாது. ஒன்று பொய்யானால் மற்றது மெய்யாகியே தீர வேண்டும், ஒன்று மெய்யானால் மற்றது பொய்யாகியே தீர வேண்டும். அந்தக் கணக்குக்குச் சரியாக வருவது "சில காகங்கள் கறுப்பல்ல" என்பதுதான். நீங்கள் எழுதியதற்குப் பெயர் மறுதலை. இரண்டும் சேர்ந்து மெய்யாக முடியாது, சேர்ந்து பொய்யாகலாம்.

பாடப்புத்தகத்தில் இதை நான்காக அடுக்கியிருப்பார்கள்: நிறை விதி, நிறை மறை, குறை விதி, குறை மறை. முதல் சொல் அளவைச் சொல்கிறது, எல்லாமா சிலவா என்று. இரண்டாவது, உண்டா இல்லையா என்று. ஏ, ஈ, ஐ, ஓ என்று ஆங்கில எழுத்தில் குறிப்பதும் இவற்றைத்தான். உடன்படுகிறேன் என்று பொருள்படும் 'அஃபிர்மோ' என்ற லத்தீன் சொல்லின் முதல் இரண்டு உயிரெழுத்துகள் விதிகளுக்கு, மறுக்கிறேன் என்னும் 'நேகோ'வின் உயிரெழுத்துகள் மறைகளுக்கு. நான்கையும் மூலைக்கு ஒன்றாக நிறுத்திய சதுரத்தை அரிஸ்டாட்டிலே வரைந்தார் என்று பல மாணவர்கள் எழுதுவார்கள். உறவுகளைச் சொன்னவர்தான் அவர். படம் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் என்ற லத்தீன் எழுத்தாளர் பெயரில் வழங்கும் நூலில் வருகிறது. 6ஆம் நூற்றாண்டில் போயத்தியஸ் என்ற ரோமானியத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய உரைகள் வழியாகத்தான் அது பள்ளிகளுக்குள் பரவியது.

உங்கள் தவற்றை நான் வீட்டிலேயே செய்திருக்கிறேன். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வாசல் கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடந்தது. "நீ எப்பவுமே தாழ்ப்பாள் போட மறந்துடறே" என்றேன் மனைவியிடம். "நான் ஒருநாளும் மறந்ததே இல்லை" என்றாள். என்னுடையது நிறை விதி, அவளுடையது நிறை மறை. இரண்டும் பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. "முந்தாநாள் போட்டேனே" என்று ஒரே ஒரு இரவைக் காட்டியிருந்தால் என் வாயை அடைத்திருக்கலாம். அவளை மறுக்க எனக்கும் ஒரே ஒரு இரவு போதும். ஆளுக்கு ஒரு வெள்ளைக் காகம். முந்தைய இரவு கடைசியாக வெளியே போய்விட்டு உள்ளே வந்தவன் நான்தான் என்பது பிறகு தெரிந்தது. அது வேறு பாடம்.

கேள்வி: நான் பிழைதிருத்துநர். "எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை" என்று ஒரு கட்டுரையில் வந்தது. இது நிறை மறையா, குறை மறையா?

பதில்: எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். ஒருவர்கூடத் தேறவில்லை என்றும் படிக்கலாம், தேறியவர் உண்டு ஆனால் எல்லாரும் இல்லை என்றும் படிக்கலாம். பேச்சில் குரலை வைத்துப் பிரித்துவிடுவோம். 'எல்லா'வில் அழுத்தம் விழுந்தால் பெரும்பாலும் இரண்டாவது பொருள். அச்சில் குரல் கிடையாதே. முதல் பொருளுக்கு "எந்த மாணவரும் தேர்ச்சி பெறவில்லை" என்று மாற்றுங்கள், இரண்டாவதற்கு "மாணவர் சிலர் தேர்ச்சி பெறவில்லை" என்று. அதிலும் சின்ன வில்லங்கம் இருக்கிறது. அளவையியலில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, அவ்வளவுதான். மீதி நிலவரம் பற்றி அது வாயே திறக்காது. பத்து விடையும் சரியாக இருக்கும்போது "சில விடைகள் சரி" என்றாலும் அளவையியலில் அது மெய்தான். நான் ஒரு மாணவனிடம் அப்படிச் சொல்லப்போக, அவன் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் காதில் விழுந்தது 'சில தப்பு' என்று. அவனைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் சரி என்று தெரிந்தவன் சில சரி என்று ஏன் சொல்லப்போகிறான்?

கேள்வி: தீர்ப்பு, எடுப்பு இரண்டும் ஒன்றா?

பதில்: "இது அப்படித்தான்" என்று மனம் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதோ பிரிப்பதோ தீர்ப்பு. அதைச் சொல்லில் வைத்தால் எடுப்பு. எல்லா வாக்கியமும் எடுப்பு ஆகிவிடாது. வேண்டுதலும் வாக்கியம்தான், ஆனால் அதில் மெய்யும் இல்லை பொய்யும் இல்லை என்று அரிஸ்டாட்டிலே ஒதுக்கிவிட்டார். "கதவைச் சாத்து" என்பதையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். எழுவாய், பயனிலை, இரண்டையும் கட்டும் இணைப்புச் சொல் என்று மூன்று உறுப்பு காட்டச் சொல்லும் பாடப்புத்தகத்தோடு தமிழ் மாணவர் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். "காகம் கறுப்பு" என்பதில் இணைப்புச் சொல் எங்கே? இல்லை. தேவையும் இல்லை. இல்லாததை வரவழைக்க "காகம் கறுப்பாக இருக்கிறது" என்று நீட்டி எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: இல்லாத பொருளைப் பற்றி 'எல்லாம்' என்று சொன்னால் அது மெய்யா?

பதில்: ஒருமுறை வகுப்புக் கதவில் "தாமதமாக வரும் கட்டுரைகள் எல்லாம் நிராகரிக்கப்படும்" என்று ஒரு தாளை ஒட்டினேன். அதிசயமாக எல்லாரும் நேரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தாமதக் கட்டுரை ஒன்றுகூட இல்லை. என் அறிவிப்பு பொய்யாகிவிட்டதா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பழைய சதுரத்தின்படி நிறை விதி மெய்யானால் அதன் கீழே உள்ள குறை விதியும் மெய்யாக வேண்டும். அதாவது, "தாமதமாக வந்த சில கட்டுரைகள் நிராகரிக்கப்பட்டன". அப்படி ஒரு கட்டுரையே கிடையாதே! எழுவாய் சுட்டும் பொருள் உலகில் இருக்கிறது என்று பழைய முறை சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பூல், வென் போன்ற ஆங்கிலேய அளவையியலாளர்கள் வழியில் வந்த புதிய அளவையியல் அதை விட்டுவிட்டது. "எல்லா அ-வும் ஆ" என்றால் "ஆ அல்லாத அ ஒன்றும் கிடையாது" என்று மட்டுமே பொருள். அ-வே கிடையாது என்றாலும் வாக்கியம் நிற்கும். இதற்குக் கொடுத்த விலை: சதுரத்தில் குறுக்கே போகும் இரண்டு முரண் கோடுகள் மட்டும் தப்பின, விளிம்புகள் நான்கும் போயின. புதிய முறையே சரி என்பது என் கட்சி. ஆனாலும் காகம், மாணவர் என்று இருப்பவற்றைப் பற்றிப் பேசும்வரை பழைய சதுரம் தாராளமாக ஓடும்.

கேள்வி: ஜெர்மன் தத்துவஞானி கான்ட் தீர்ப்பு வகைகளைப் பன்னிரண்டு என்கிறாரே, நான்கு போதாதா?

பதில்: 1781இல் அவர் போட்ட பட்டியல் அளவு, பண்பு, உறவு, உறுதி என்ற நான்கு தலைப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று. எண்ணிக்கை வேண்டுமென்றே சமமாக வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் பண்பில் அவர் சேர்த்த மூன்றாவது வகை தமிழருக்கு எளிது. "ஆன்மா சாவதில்லை" என்பது மறுப்பு. "ஆன்மா சாகாதது" என்பது வடிவில் உடன்பாடு, ஆனால் சாகாதவை என்ற எல்லையில்லாத கூட்டத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. எதிர்மறைப் பெயரெச்சத்தோடு பிறந்து வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசத்தை விளக்க ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: 'ஆல்' போட்டு எழுதும் நிபந்தனை எடுப்பு எப்போது பொய்?

பதில்: "மழை பெய்தால் தரை நனையும்" என்பது பொய்யாக ஒரே வழி, மழை பெய்தும் தரை நனையாமல் இருப்பது. பண்டைய கிரேக்கத்தில் பிலோன் என்ற தத்துவஞானி சொன்ன கணக்கு இது. அவருடைய ஆசிரியர் டியோடோரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஆக எந்தக் காலத்திலும் இடமே இருக்கக்கூடாது என்றார். சண்டை ஊரெல்லாம் பரவி, கூரைமேல் காகங்கள்கூட எந்த நிபந்தனை சரி என்று கரைகின்றன என்று கல்லிமாக்கஸ் என்ற கவிஞர் கிண்டல் செய்தார். பாருங்கள், இங்கேயும் காகம்!

கேள்வி: "என் கேள்வி அடுத்த இதழில் வரும்." இந்த எடுப்பு இப்போதே மெய்யா, பொய்யா? இரண்டில் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: "நாளை கடற்போர் நடக்கும்" என்பதை வைத்து அரிஸ்டாட்டில் இதே முடிச்சைப் போட்டார். இன்றே மெய் என்றால் நடந்தே தீர வேண்டும், இன்றே பொய் என்றால் நடக்கவே முடியாது, பிறகு படைத்தலைவர்கள் கூடி யோசிப்பது எதற்கு? நடக்கும் அல்லது நடக்காது என்பது மட்டும் கட்டாயம், தனித்தனியே எதுவும் இன்னும் முடிவாகவில்லை என்பது அவர் விடை என்று பலர் படிக்கிறார்கள். வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு, 2,300 ஆண்டுகளாகத் தகராறு தீரவில்லை. நீங்கள் தபாலில் போட்டபோது உங்கள் எடுப்பின் நிலை என்ன என்று நான் சொல்லப் போவதில்லை. இப்போது மெய்.