பழையதெல்லாம் பழுதா?

கேள்வி: கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கிறேன். மென்பொருள்களின் பதிப்பு எண்கள் எல்லாம் பழையவை. பாதுகாப்புக்கு ஆபத்தில்லையா?

பதில்: எண்ணைப் பார்த்து மென்பொருளை எடைபோடுகிறவர்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு ஸ்டேபிள் என்று பெயர். அது வெளியானதும் அதிலுள்ள பெரும்பாலான மென்பொருள் பொதிகளின் பதிப்பு எண் உறைந்துவிடும். பிறகு ஓட்டை ஒன்று தெரியவந்தால், அதை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைக்கிறார்கள். எண்ணின் வாலைப் பாருங்கள்: '+டெப்12யு3' என்பதுபோல் ஏதாவது தொங்கினால், அது தைத்த தடம். தையல்காரர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். புதியதுதான் பத்திரம் என்பவர்களுக்கு 2024 மார்ச்சை நினைவூட்டுகிறேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது அப்போதுதான் அம்பலமானது. அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்கிலும், புதியவை முதலில் வந்து விழும் சிட்டிலும் அது நுழைந்திருந்தது. உங்கள் 'பழைய' 12இல் இருந்ததோ 5.4.1. தப்பித்தீர்கள்.

கேள்வி: ஸ்டேபிளைவிடப் புதியது, சிட்டைவிட நிதானமானது டெஸ்டிங் என்கிறார்கள். இரண்டின் நன்மையும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், பாதுகாப்புத் திருத்தம்தான் சில சமயம் தாமதமாகக் கிடைக்கும்.

கேள்வி: புது மடிக்கணினியில் டெபியன் 12 போட்டேன். வைஃபை தெரியவே இல்லை.

பதில்: வன்பொருளோடு பேசும் மையக்கருதான் கெர்னல். 12இன் கெர்னல் 6.1, அது 2022 இறுதியில் வந்தது. அதன்பின் பிறந்த வைஃபை சில்லை (சிப்) அது எப்படி அறியும்? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 6.12 இருக்கிறது, அதற்கு மாறுங்கள். அதுவும் போதாவிட்டால் புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி தரும் பேக்போர்ட்ஸிலிருந்து கெர்னலை மட்டும் எடுங்கள். அவசரப்பட்டு யுஎஸ்பி வைஃபை குச்சி வாங்காதீர்கள். நான் வாங்கினேன். பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று அச்சிட்டிருந்தது. உள்ளே உள்ளங்கை அளவு குறுந்தகடு. என் கணினியில் தகடு போட இடமே இல்லை. நண்பர் ஒருவர் படியெடுத்துத் தந்த பின்தான் தெரிந்தது, அந்த டிரைவர் ஏதோ பழங்காலக் கெர்னலுக்கு எழுதியது என்று. குச்சி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கேள்வி: டெபியனைப் பென்டிரைவில் 'வாழ்நாள் உரிமம்' என்று சொல்லி ஒருவர் விற்றார். இப்போது ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் கேட்கிறார்.

பதில்: வெட்கப்படாதீர்கள், ஏமாற்றியவர்தான் வெட்கப்பட வேண்டும். படியெடுத்து விற்பது தவறில்லை. உரிமம், ஆண்டுக் கட்டணம் என்பதெல்லாம் பொய். புதுப்பிப்புகள் இலவசம்: வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள், அதன்பின் நீண்டகால ஆதரவாக இன்னும் இரண்டு. இனி எதுவும் கொடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவர் போட்டுக்கொடுத்ததையும் நம்ப வேண்டாம். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) ஒப்பிட்டுவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு படத்தொகுப்பு மென்பொருளுக்காக ஸ்டேபிளின் மென்பொருள் மூலப் பட்டியலில் சிட்டுக்கான வரியைச் சேர்த்தேன். இப்போது பாதி நிரல்கள் திறக்கவில்லை. யார் மேல் புகார் கொடுப்பது?

பதில்: இன்னின்ன நீக்கப்படும், தொடரவா என்று மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் கேட்டபோது 'ஒய்' அழுத்தியவர் மேல். 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயரைத்தான் சிட்டுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மென்பொருள் மற்ற பொதிகளைக் கலைக்காமல் தனியாக நிறுவ உதவும் பிளாட்பேக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்த்திருக்கலாமே?