நட்டு, போல்ட்டு போட்டுவைக்க இரும்பு ரேக்கை நாமே வெல்டிங் செய்துகொள்ளலாமா?

கேட்டவரிடம் சின்ன ஆர்க் வெல்டிங் மெஷின் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் டப்பா டப்பாவாகத் தரையில் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது, எதில் சறுக்கும் என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். நான் இரண்டு செய்தேன். முதலாவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

இரும்பு வாங்கும் முன் டப்பாவை வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். வரிசைக்கு ஐந்து டப்பா என்று கணக்குப் போட்டு, டப்பாவின் அடிப்பாகத்தை அளந்து ரேக்கின் அகலத்தை முடிவு செய்துவிட்டேன். பிளாஸ்டிக் டப்பா அடியில் குறுகி மேலே விரியும் என்பது பெயின்ட் எல்லாம் அடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு டப்பாவுக்கு 6 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஐந்துக்கு 30. நாலு டப்பா உட்கார்ந்தது, ஐந்தாவது உள்ளே போகவே இல்லை. விளிம்பை அளந்து, டப்பாவுக்கு 4, 5 மில்லிமீட்டர் தாராளம் விடுங்கள்.

அடுத்தது எடை. சின்னச் சாமான்தானே என்று நினைப்போம். ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும் டப்பாவை போல்ட்டால் நிரப்பித் தூக்கிப் பாருங்கள், நாலைந்து கிலோ வரும். எட்டு வரிசைக்கு நாற்பது டப்பா என்றால் 200 கிலோவைத் தொட்டுவிடும். அதற்காகப் பாலம் கட்டுகிற கனத்தில் இரும்பு வேண்டாம். கால்களுக்கு 25 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப், 2 மில்லிமீட்டர் கனம். டப்பா உட்கார 25 மில்லிமீட்டர் ஆங்கிள் (L வடிவ இரும்பு), 3 மில்லிமீட்டர் கனம். அரை மீட்டர் அகல ரேக்குக்கு இது போதும்.

ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு ஆங்கிள், பின்னால் ஒரு ஆங்கிள். முன் ஆங்கிளைப் பின்னதைவிட இரண்டரை சென்டிமீட்டர் இறக்கிவையுங்கள். டப்பா முன்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும், உள்ளே இருப்பது எட்டிப் பார்க்காமலே தெரியும். முன் ஆங்கிளின் ஒரு பக்கம் மேலே நிமிர்ந்திருந்தால் டப்பா வழுக்கி விழாது. டப்பாவுக்கு மேலே கை நுழைய 8, 10 சென்டிமீட்டர் இடம் வேண்டும்.

இனி வெல்டிங். இதில்தான் முதல் ரேக் நாசமானது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதைத் தன் பக்கம் இழுக்கும். இது தெரியாமல் வலது காலில் எட்டு ஆங்கிளையும் முழுதாகப் பற்றவைத்துவிட்டு இடது பக்கம் வந்தேன். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துத்தான் வைத்தேன். ஆனாலும் மறுமுனைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோணல் பல்வரிசை மாதிரி நின்றன. ஒரு டிகிரி இழுத்தாலே அரை மீட்டர் தள்ளி 9 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. சுத்தியலால் தட்டி நேராக்கப் பார்த்தேன், ரேக் முறுக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றது. கடைசியில் கட்டிங் வீல் போட்டுப் பாதியை அறுத்தேன்.

இரண்டாவது ரேக்கில் எல்லா மூட்டுக்கும் முதலில் டேக் மட்டும் வைத்தேன். மிளகளவு புள்ளி, மூட்டுக்கு இரண்டு. அப்புறம் மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை தட்டிச் சரிசெய்தேன். டேக் வைத்ததை வளைக்கலாம், தப்பென்றால் கிரைண்டரில் அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதன் பிறகுதான் முழு வெல்டிங்: மேல் வலது, கீழ் இடது, மேல் இடது, கீழ் வலது என்று மாறி மாறி. ஒரே இடத்தில் சூடு சேரவிடக் கூடாது. வரிசைகளின் இடைவெளிக்கு டேப் எல்லாம் வேண்டாம். ஒரே நீளத்தில் இரண்டு மரத்துண்டு அறுத்து, கீழ் ஆங்கிளின் மேல் நிறுத்தி, அடுத்ததை அதன்மேல் வைத்தால் எட்டு வரிசையும் ஒரே சீராக வரும்.

மூட்டுக்கு 20 மில்லிமீட்டர் நீளம் பற்றவைத்தால் போதும். சுற்றிவர வெல்டிங் செய்யத் தேவையில்லை, கோணல்தான் கூடும். 2.5 மில்லிமீட்டர் வெல்டிங் ராடுக்கு நான் 65 ஆம்பியர் வைத்தேன். 80 வைத்தபோது பைப் ஓட்டை விழுந்தது. ஆர்க்கைக் கனமான ஆங்கிள் பக்கம் காட்டி, பைப் பக்கம் லேசாகத் தொட்டுவிட்டு வாருங்கள்.

துத்தநாகம் பூசிய பைப் மலிவாகக் கிடைத்தாலும் இதற்கு வேண்டாம். பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கிவிடும். கால் மட்டம் செய்ய அடியில் நட்டு பற்றவைப்பீர்கள் அல்லவா, அதுவும் பூச்சில்லாத கறுப்பு நட்டாக இருக்கட்டும். பற்றவைக்கும்போது பழைய போல்ட்டு ஒன்றைத் திருகிவைத்தால் மரையில் பொறி ஒட்டாது.

கசடு தட்டி, எமரி தேய்த்து, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

டப்பாக்களை ஏற்றும் முன் ரேக்கின் மேல்பகுதியைச் சுவரோடு சேர்த்து இரண்டு இடத்தில் போல்ட்டு போட்டுவிடுங்கள். ஆழம் குறைந்த ரேக், முன்பக்கம் சாயும் டப்பா, 200 கிலோ. பிடிமானம் இல்லாமல் நிற்காது. பெரிய போல்ட்டுகள் கீழ் வரிசைக்கு, வாஷரும் ஸ்பிளிட் பின்னும் மேலே.