தேய்ந்ததா, நைந்ததா, உக்கியதா? – கேள்வி பதில்

திருகோணமலையில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். களைப்பையும் பாவித்துப் பழசான பொருள்களையும் ஆங்கிலத்தில் சொல்வது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் பரீட்சை வினாத்தாள்களை ஒதுக்கிவிட்டேன். அவற்றை உங்கள் பிள்ளைகளே செய்யட்டும்.

உப்புவெளியிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: சேர், மாலையில் 'ஐ ஆம் டயரிங்' என்றேன். மேலாளர் சிரித்தார். ஏன்?

'டயரிங்' என்றால் களைப்பை உண்டாக்குவது. வேலை டயரிங், பஸ் பயணம் டயரிங். களைத்துப்போன நீங்கள் 'டயர்ட்'. நீங்கள் சொன்னதை அவர், 'என்னோடு பேசினால் உங்களுக்குக் களைப்பு வரும்' என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஓட்டப் பந்தயத்தில் கால் தளரத் தொடங்கியவரைப் பற்றி 'ஹீ இஸ் டயரிங்' என்பார்கள், நீங்கள் ஓடவில்லையே. சலித்துப்போனவர் 'போர்ட்', சலிப்பூட்டுவது 'போரிங்'; அவை இரண்டுக்கும் இதே கதைதான். இதை எல்லோரும் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவி: 'வெரி எக்ஸோஸ்டட்' என்று எழுதியதற்கு ஆசிரியை சிவப்புக் கோடு போட்டார். சரியா?

கோடு சரி, மகள். 'எக்ஸோஸ்டட்' என்றால் முழுதாகக் களைத்துப்போன நிலை. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'இறைத்து வெளியேற்று' என்று பொருள். கிணற்றை இறைத்து இறைத்து அடிமணல் தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அதற்குமேல் 'மிகவும்' எதற்கு? 'கம்ப்ளீட்லி', 'அப்ஸலூட்லி' இரண்டும் அதோடு பொருந்தும். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை எக்ஸோஸ்ட் என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

மூதூரிலிருந்து, மீனவர் சங்கமொன்றின் கடிதம் எழுதுபவர்: சேதமான வலை, கயிறு எல்லாவற்றுக்கும் 'டோர்ன்' என்றே எழுதி வருகிறேன். வேறு சொல் உண்டா?

இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நல்ல வலை ஒரே இழுவையில் பாரில், அதாவது கடலடிப் பாறையில், சிக்கிக் கிழிந்தால் அது 'டோர்ன்'. நாலைந்து பருவம் கடலில் கிடந்து நூல் மெலிந்தால் 'வோர்ன்'. வள்ளத்தின் விளிம்பில் ஓயாமல் உரசித் தேய்ந்த கயிறு 'ச்சேஃப்ட்'. இது கடலோடிகள் நித்தம் சொல்லும் சொல். அதே கயிற்றின் நுனி புரி பிரிந்து தும்பு தும்பாக நின்றால் 'ப்ரேய்ட்'. வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட ரப்பர் வளையத்தை ஆங்கிலேயர் 'பெரிஷ்ட்' என்பார்கள். நமக்குத் தேய்தல், நைதல், இறுதல், உக்குதல் என்று தனித்தனிச் சொற்கள் இல்லையா? பொருள் எப்படிக் கெட்டது என்று முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லைத் தேடுவது பாதி முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. காப்புறுதிக் கடிதத்தில் 'வோர்ன்' என்பது சாதாரணச் சொல் அல்ல. பாவனையால் வரும் தேய்மானத்துக்கு, அவர்கள் மொழியில் 'வெயார் அண்ட் டெயார்', பொதுவாக இழப்பீடு கிடையாது. ஆகவே பாரில் கிழிந்த வலையை 'வோர்ன்' என்று எழுதி நட்டப்படாதீர்கள். தேய்ந்த வலையை 'டோர்ன்' என்றும் எழுதாதீர்கள். அதற்கு என்னிடம் சொல் கேட்க வேண்டாம்.

நிலாவெளியில் விடுதி நடத்துபவர்: இங்கிலாந்துப் பயணி ஒருவர் 'நெக்கர்ட்' என்றார். கெட்ட வார்த்தையா?

கொச்சை, பேசலாம், கடிதத்தில் எழுதக்கூடாது. உழைக்க முடியாத கிழட்டுக் குதிரைகளை வாங்கி அறுப்பவருக்கு 'நெக்கர்' என்று பெயர். அவரிடம் அனுப்பவேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன் என்கிறார்.

குச்சவெளியிலிருந்து: நான் டயர்டா, டயரிங்கா?

முதல் பதிலைப் பாருங்கள்.

தம்பலகாமத்தில் டயர் கடை வைத்திருப்பவர்: 'ரிட்டயர்' என்பது பழைய டயருக்குப் புதுத் தோல் போடுவது. ஓய்வு பெற்றவர் மறுபடி ஓடத் தயாராகிறார் என்பதே அதன் பொருள். சரிதானே சேர்?

இதற்கு நான் பேனாவை எடுக்குமுன், ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர், 'நான் ஓடவில்லை, சாய்மனைக் கதிரையில் இருக்கிறேன்' என்று எழுதிவிட்டார். மூன்றாமவர் 'மறுபடி களைத்தவரே ரிட்டயர்ட்' என்றார். கடைக்காரர் விடவில்லை, 20 வருடம் டயரோடு கிடப்பவனுக்குத் தெரியாதா என்றார்.

தம்பி, டயரை உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே வெவ்வேறான மூன்று சொற்கள் இருக்கின்றன. களைப்பைக் குறிக்கும் 'டயர்' பழைய ஆங்கிலச் சொல். சக்கரத்தின் டயர், உடையைக் குறிக்கும் 'அட்டயர்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள், சக்கரத்துக்கு உடுப்பு. 'ரிட்டயர்' பிரெஞ்சுக்காரரின் சொல். பின்னுக்கு இழு என்று பொருள். நீங்கள் செய்யும் தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'ரீட்ரெட்' என்று பெயர். தேய்ந்து வழவழப்பான டயர் 'போல்ட்', அதாவது வழுக்கை.

தபாலதிபர் மீண்டும் எழுதினார்: 'அப்படியானால் என் தலையும் அவர் கடைக்குப் போகவேண்டியதா?' கடைக்காரர் விலை சொல்லியிருக்கிறார். இருவரும் தொலைபேசியில் முடித்துக்கொள்ளுங்கள்.

சீனக்குடாவிலிருந்து ஒரு மாணவர்: எண்ணெய்க் குதங்களை 'வோர்ன் அவுட்' எனலாமா?

துருவேறியவை 'கரோடட்' அல்லது 'ரஸ்டட்'. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதலில் அழிந்த குதத்துக்கு இவை எதுவும் பொருந்தாது. அது தேயவில்லை, 'டிஸ்ட்ராய்ட்'. உலோகத்துக்கும் களைப்பு உண்டு தெரியுமா? திரும்பத் திரும்ப அழுத்தம் ஏறி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளரும். அது 'மெட்டல் ஃபட்டீக்'. 1954இல் இரண்டு கொமட் ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடலுக்கு மேல் சிதறியபோது விசாரணை கண்டறிந்த காரணம் இதுதான்.

பெயர் சொல்லாத ஒருவர்: 'டயர்ட் ஆஃப்', 'டயர்ட் ஃப்ரொம்' வேறுபாடு?

முன்னது சலிப்பு, பின்னது களைப்பு. நம் 'அலுப்பு' இரண்டுக்கும் போகும், அதனால்தான் குழப்பம். 'டயரிங்' பற்றிய கேள்விகளில் நான் 'டயர்ட் ஆஃப்'.

என் பழைய மாணவி: சேர், போன கிழமை சந்தையில் உங்களைக் கண்டேன். அந்த நீலச் சட்டையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கவனித்துவிட்டீர்கள். காலர் மடிப்பில் நூல் நூலாக நிற்கிறது, அது 'ப்ரேய்ட்'. முழங்கைப் பக்கத்தை யன்னலுக்கு நேரே பிடித்தால் ஊடும் பாவும் தனித்தனியாகத் தெரிந்து, அவற்றுக்கிடையில் எதிர்வீட்டு முருங்கையும் தெரிகிறது, அது 'த்ரெட்பெயார்'. இரண்டு வருடத்துக்கு முன் தையற்காரர் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துத் தந்தார். இப்போது நூல் விடுவது அந்த மறுபக்கம்.