இரண்டு லண்டன்கள், இருவேறு குளிர்கள்

வணக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் இங்கிலாந்தின் லண்டனைவிடத் தெற்கே இருப்பதால் மெல்லிய மேலங்கி போதுமா என்று கேட்டிருந்தீர்கள், போதாது. முன்னது ஏறத்தாழ வட அட்சரேகை 43 பாகையிலும் பின்னது 51.5 பாகையிலும் இருப்பது உண்மையே. ஆனால் இங்கிலாந்துக்கு அட்லாண்டிக் கடலின் வெப்பத்தைச் சுமந்து வரும் மேலைக்காற்று கிடைக்கிறது, ஒன்டாரியோவுக்கோ கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வரும் கடுங்குளிரும், ஹூரான் ஏரியின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டும் பனிப்பொழிவும்தான் வாய்க்கின்றன. 1793இல் அப்பகுதியின் பிரித்தானியத் துணை ஆளுநர் சிம்கோ அந்த இடத்துக்கு லண்டன் என்ற பெயரைச் சூட்டினார். அங்குள்ள ஆற்றுக்கும் தேம்ஸ் என்றுதான் பெயர், வானிலையை மட்டும் இரவல் வாங்க முடியவில்லை. கனடா ‘நேற்று முளைத்த நாடு’ என்று உங்கள் ஜெர்மானிய நண்பர் கேலி செய்ததை நான் ஏற்கமாட்டேன்: கனடாக் கூட்டாட்சி 1867இல் அமைந்தது, ஜெர்மனி ஒரே அரசாக இணைந்ததோ 1871இல்தான்.