சீனர்கள் வீட்டில் தினமும் என்ன சமைப்பார்கள்? நாம் ஹோட்டலில் சாப்பிடும் ஃப்ரைடு ரைஸ், மஞ்சூரியன் தானா?

கோபி மஞ்சூரியன் நம் நாட்டுச் சரக்கு. சீனாவில் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். ஃப்ரைடு ரைஸ் அங்கே உண்டு, ஆனால் அது முந்தைய நாள் சோறு மீந்தால் செய்வது. விருந்தாளிக்கு யாரும் வைப்பதில்லை.

நான் நான்கு வருடம் சூச்சோ நகரத்தில் வேலை பார்த்தேன். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். ஏரியும் கால்வாயுமாக இருக்கும் ஊர். எதிர்வீட்டில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, அவருடைய கணவர், பள்ளிக்கூடம் போகும் பேரன். அந்த அம்மாவை நான் ‘ஆயி’ என்றுதான் கூப்பிடுவேன். நம் ஆயி இல்லை. சீன மொழியில் அத்தை, சித்தி வயதில் இருப்பவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். கூப்பிடும்போது எனக்கு என்னவோ ஊரில் இருப்பது போலவே இருக்கும். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பையன் என்று இரக்கப்பட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். அதனால் நான் சொல்லப்போவது அந்தப் பகுதி வீட்டுச் சமையல் மட்டும். சிச்சுவான்காரர்களின் மிளகாய்க் காரமும் வடக்கத்தியவர்களின் கோதுமை மாவுப் பண்டங்களும் தனிக் கதை.

தினப்படிக் கணக்கை ‘சான் சாய் யி தாங்’ என்பார்கள். மூன்று பதார்த்தம், ஒரு சூப். ஆயி வீட்டில் பெரும்பாலும் அதில் இரண்டு காய், ஒன்றில்தான் மீனோ இறைச்சியோ இருக்கும். எல்லாம் மேசை நடுவில். கொஞ்சம் ஒட்டும் ரக அரிசியில் உப்பில்லாமல் வடித்த சோறு ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில். ஊற்றிப் பிசைவதெல்லாம் இல்லை. ஒரு வாய் சோறு, ஒரு துண்டு காய். ஒரு பதார்த்தம் நன்றாக இருந்தால் ‘சியா ஃபான்’ என்பார்கள். சோறு இறங்குகிறது என்று நாம் சொல்வோமே, அதேதான்.

என்னை முதலில் குழப்பியது எது தெரியுமா? காலையில் ஆயியிடம், “இன்றைக்கு ராத்திரி என்ன சமையல்?” என்று கேட்டால் பதில் வராது. “இன்னும் சந்தைக்கே போகவில்லையே” என்பார். என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் காய் வாங்கப் போவது நம் பழக்கம். அவருக்குச் சந்தைதான் முடிவு செய்யும். சூச்சோக்காரர்கள் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: ‘பு ஷி, பு ஷி’. பருவத்தில் வராததைச் சாப்பிடாதே என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். கன்பூசியஸின் சாப்பாட்டுப் பழக்கத்தைச் சொல்லும் மிகப் பழைய வரி அது. ஜூலை மாதத்தில் ஒரு கடைக்காரரிடம் வசந்தகால மூங்கில் குருத்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்தார்.

சந்தை காலை ஆறு மணிக்கே களை கட்டிவிடும். எடை ‘ஜின்’ கணக்கு. ஒரு ஜின் அரைக் கிலோ. காய் வாங்கி முடித்ததும் கடைக்காரர் ஒரு பிடி வெங்காயத்தாளைச் சும்மா பையில் செருகிவிடுவார். நமக்குக் கறிவேப்பிலை கொத்தமல்லி கொசுறு மாதிரி. செருக மறந்துவிட்டால் ஆயி நகர மாட்டார்.

வருடம் முழுவதும் விடாமல் வருவது ‘சிங் சாய்’. நம் சூப்பர் மார்க்கெட்டில் பாக் சோய் என்று விற்கிறார்களே, அந்தக் கீரைக் குடும்பம்தான். மூன்று நாள் பச்சை சாப்பிடாவிட்டால் கண்ணில் பூச்சி பறக்கும் என்று அவர்களிடம் ஒரு சொலவடையே இருக்கிறது. இதை வதக்குவது இரண்டு நிமிட வேலை, ஆனால் நான் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. நம் பொரியல் பழக்கத்தில் தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன். பழுப்பாகி, துவண்டு, யாரோ மிதித்த மாதிரி ஆனது. ஆயி அடுப்பை முழுதாக எரியவிட்டு, வாணலி லேசாகப் புகையும்போது எண்ணெய் விடுவார். கழுவிய ஈரம் கொஞ்சம் ஒட்டியிருக்க அப்படியே கீரையைக் கொட்டுவார். சடசடவென்று வெடிக்கும். முதலில் காம்பு, கொஞ்சம் கழித்து இலை. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. மூடவே கூடாது. இலை பளபளவென்று கரும்பச்சைக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். இன்னும் பத்து விநாடி விடலாமே என்று தோன்றும். அந்தப் பத்து விநாடிதான் கெடுக்கும்.

இதே கீரை டிசம்பரில் உறைபனி விழுந்த பிறகு வேறு ருசி. குளிரைத் தாங்க செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த சாறு லேசில் உறையாது. அதனால் பனி பட்ட கீரை நாக்கில் நன்றாகவே இனிக்கும். ஆயி அந்த நாட்களில் சிட்டிகைச் சர்க்கரையையும் நிறுத்திவிடுவார். உப்புக்கண்டப் பன்றி இறைச்சியைப் பொடியாக நறுக்கி, இந்தக் கீரையையும் போட்டு அரிசியோடு சேர்த்து வேகவைப்பது ‘சாய் ஃபான்’. குளிர் காலத்தில் அது ஒன்றே சாப்பாடு, கூட ஒரு சூப் போதும்.

பெய்ஜிங்கில் வளர்ந்த என் அலுவலக நண்பருக்கு இந்தப் பச்சைக் கீரைப் பெருமையெல்லாம் பிடிக்காது. அங்கே 1980கள் வரை குளிர்காலத்துக்குக் காய் என்றால் முட்டைக்கோஸ் இனத்து ‘பாய் சாய்’ ஒன்றுதானாம். நவம்பரில் தெருவோரம் மலை மாதிரி குவிப்பார்கள். குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ வாங்கி மாடிப்படியிலும் பால்கனியிலும் அடுக்கிவிடுவார்கள். “உங்களுக்குக் கொழுப்பு” என்பார் சூச்சோக்காரர்களைப் பார்த்து.

வசந்தத்தில் மூங்கில் குருத்து. அதை வைத்துச் செய்யும் சூப்பின் பெயர் ‘யென் து ஷியென்’. உப்புக்கண்டம், பச்சை இறைச்சி, குருத்து, முடிச்சுப் போட்ட மெல்லிய சோயாப் பனீர்த் தாள். ‘து’ என்பது மெல்லிய தீயில் கொதித்துக்கொண்டே இருக்கும் சத்தம். இரண்டு மணி நேரம் எதிர்வீட்டு அடுப்பிலிருந்து வாசனை வரும். உப்பு போடத் தேவையில்லை, கண்டத்தில் இருப்பதே போதும்.

கோடை நமக்குப் பழகிய காய்களின் காலம். சிவப்புத் தண்டுக்கீரையை முழுப் பூண்டுப் பல்லோடு வதக்கினால் சாறு ரத்தச் சிவப்பாக இறங்கும். பேரன் அதைச் சோற்றில் விட்டு, எல்லாம் ரோஸ் நிறமான பிறகுதான் வாயில் வைப்பான். நீர்ப்பூசணியும் உலர்ந்த குட்டி இறாலும் போட்டு ஒரு தெளிந்த சூப். வெள்ளரியைக் கத்தியின் பட்டையால் நசுக்கி, பூண்டு, வினிகர், நல்லெண்ணெய் சேர்ப்பது அடுப்பே பற்றவைக்காத பதார்த்தம். அப்புறம் தக்காளி முட்டை. சீனாவில் வீட்டை விட்டுப் படிக்கப் போகும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். முட்டையைத் தாராள எண்ணெயில் பொங்கவிட்டுத் தனியே எடுத்து, அதே வாணலியில் தக்காளியைக் குழைய வதக்கி, முட்டையைத் திருப்பிப் போட வேண்டும். சர்க்கரை போடுவதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. சூச்சோவில் எல்லாவற்றிலும் போடுவார்கள், அங்கே சண்டை இல்லை.

ஆனால் சூச்சோவின் சொத்து தண்ணீரில் விளைவதுதான். தாமரைக்கிழங்கு, சிங்காரா என்று வடநாட்டில் சொல்லும் நீர்க்கொட்டை என்று எட்டு பயிர்களைச் சேர்த்து ‘தண்ணீரின் எட்டு தேவர்கள்’ என்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது ‘ஜியாவ் பாய்’. பார்க்கச் சின்ன வெள்ளைக் குருத்து. வெந்தால் இளம் வாழைத்தண்டுக்கும் மூங்கில் குருத்துக்கும் நடுவில் ஒரு பதம். முதல் தடவை நானே வாங்கி வந்து வெட்டினால் உள்ளே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அழுகிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று மொத்தத்தையும் குப்பையில் போட்டேன். மறுநாள் சொன்னபோது ஆயி தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் குருத்தே ஒரு பூஞ்சையின் வேலையாம். அது ஒரு காட்டரிசிச் செடி. பழங்காலத்தில் அதன் தானியத்தைத்தான் சாப்பிட்டார்கள். ஒரு பூஞ்சை தண்டுக்குள் புகுந்ததும் செடி பூக்காது, கதிர் வராது, தண்டு மட்டும் பருத்துவிடும். அந்தப் பருத்த தண்டுதான் காய். கறுப்புப் புள்ளி பூஞ்சை முற்றியதன் அடையாளம், அவ்வளவுதான். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. மெல்லிய குச்சியாக நறுக்கி, சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு அவர் அன்றே செய்து கொடுத்தார். புள்ளி இல்லாததைப் பார்த்து வாங்கக் கற்றுக்கொடுத்தது அதற்குப் பிறகு.

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்ப் பதார்த்தம் என்று சொல்வதில் கொஞ்சம் பன்றிக் கொழுப்போ, ஒரு பிடி உலர்ந்த இறாலோ இருக்கலாம். அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, நாம் பெருங்காயத்தைக் கணக்கில் சேர்க்காத மாதிரி. ‘வோ ச்ஷ் சு’ என்று சொல்லுங்கள். விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள்.

தண்ணீரின் எட்டு தேவர்களில் இன்னொன்று, இலையுதிர்காலத்தில் வரும் ‘ஜி தோ மி’. கோழித்தலை அரிசி என்று அர்த்தம், காயின் வடிவம் அப்படி. செப்டம்பரில் சந்து வாசல்களில் பெண்கள் கட்டைவிரலில் உலோக நகம் மாட்டிக்கொண்டு, கடினமான ஓட்டை ஒவ்வொன்றாகக் கீறி உள்ளே இருக்கும் வெள்ளை மணியை எடுத்துக்கொண்டிருப்பார்கள். விலை அதிகம், கை வலி அதைவிட அதிகம். சர்க்கரைத் தண்ணீரில் ஒரே நிமிடம் கொதிக்கவிட்டு, மேலே கொஞ்சம் உலர்ந்த ஓஸ்மாந்தஸ் பூ. பல்லில் பட்டால் இளம் நுங்கைவிடக் கொஞ்சம் உறுதியாக இருக்கும்.

இது நம் நாட்டில் பொரியாக விற்கும் மக்கானா தருகிற அதே செடி. ஆயியிடம் சொன்னேன், நம்பவில்லை. விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பாக்கெட் மக்கானா வாங்கிப் போனேன். அவர் அதையும் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டார். பஞ்சு மாதிரி ஊறி, பாத்திரம் முழுக்க மிதந்தது. கரண்டியால் ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பாவம், இதை யார் இப்படிச் செய்தது?” என்று கேட்டார்.