வேப் மேகத்துக்குள் என்ன இருக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வேப் பற்றி, அதாவது மின்சிகரெட் பற்றி, வந்த கேள்விகள் மேசையில் குவிந்துவிட்டன. நான் வேதியியல்காரன், மருத்துவன் இல்லை. அதனால் "எனக்கு நெஞ்சு வலிக்கிறது" வகைக் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன், மன்னிக்கவும். அவர்கள் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

லண்டனில் படிக்கும் என் மகன் வேப் பிடிக்கிறான். கேட்டால், "அது வெறும் நீராவிம்மா" என்கிறான். நம்பலாமா?

அடுப்பில் கெட்டில் கொதிக்கும்போது அதன் மூக்கருகே உற்றுப் பாருங்கள். முதல் அரை அங்குலம் எதுவும் தெரியாது. அதுதான் உண்மையான ஆவி. அதற்கு மேலே தெரியும் வெள்ளை மேகம், ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். வேப் மேகமும் நுண்துளிதான், ஆனால் அதில் தண்ணீர் கொஞ்சமே. பெரும்பங்கு புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு பிசுக்கான திரவங்கள். சூடான கம்பிச் சுருளில், அதாவது காயிலில், ஆவியாகி, உறிஞ்சும் காற்றில் குளிர்ந்து, மறுபடி துளிகளாகின்றன. பெரும்பாலான துளிகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நுரையீரலின் அடிவரை போகக் கூடிய அளவு அது.

மகனை ஒரு கண்ணாடியில் ஊதச் சொல்லுங்கள். நீராவி என்றால் காய்ந்து மறைந்துவிடும். இது விரலில் ஒட்டும் பிசுக்கை விட்டுப்போகும்.

கிளிசரின் இருமல் சிரப்பில் இருக்கிறது, கேக் ஐசிங்கில் இருக்கிறது. பிறகு என்ன பயம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. தின்னலாம் என்று சான்று பெற்ற பொருளைச் சுவாசிக்கலாம் என்று யாரும் சான்று தரவில்லை. வயிற்றுக்கு அமிலமும் கல்லீரலும் துணை. நுரையீரலுக்கு அப்படிக் காவல் கிடையாது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் சூடு. புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். காயில் ஈரமாக இருக்கும்வரை திரவம் ஆவியாகிக்கொண்டே சூட்டை வாங்கிக்கொள்கிறது. பஞ்சுத் திரியில் திரவம் குறைந்தாலோ, மின்சக்தி கூடினாலோ சூடு எகிறும். அப்போது மூலக்கூறுகள் உடையத் தொடங்கும். கிளிசரின் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளை இழந்தால் அக்ரோலின். உங்களுக்கு அது ஏற்கெனவே பழக்கம்தான்: வடை சுட வைத்த எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அந்தக் கரிப்பில் அக்ரோலினுக்குப் பெரிய பங்கு உண்டு. இதோடு ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் வரும். மூன்றும் அல்டிஹைடு என்ற ஒரே குடும்பம்.

எவ்வளவு வரும் என்பதில்தான் சண்டையே. 2015-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கினார்கள். கிளைக்காலோடு பிணைந்த ஃபார்மால்டிஹைடு தென்படவில்லை. 5 வோல்ட்டில் நிறையவே தென்பட்டது. உடனே எதிர்ப்பு: அந்தச் சூட்டில் தொண்டை கருகும், எந்த மனிதனும் இரண்டாவது இழுப்பு இழுக்க மாட்டான் என்றார்கள். என் கணக்கில் இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. கருகல் ருசி ஒரு எச்சரிக்கை மணி, சரி. ஆனால் அந்த ருசி தட்டும் முன்பே அல்டிஹைடுகள் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகியிருக்கும். இனிப்பும் புதினாவும் அதை மூடி மறைக்கவும் செய்யும்.

துபாயிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் குப்பையில் போட்ட வேப் குப்பி (பாட்) ஒன்றை ஒரு நாள் பிரித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு, கம்பியைத் தொட்ட இடத்தில் அடிப்பிடித்த பால் பாத்திரம்போல் பழுப்பும் கறுப்புமாக இருந்தது. ஓரத்தில் இன்னும் மாம்பழ வாசனை.

நிகோடின் சால்ட் என்கிறார்களே, உப்பு போட்டதா?

சமையல் உப்பு இல்லை. அமிலமும் காரமும் சேர்ந்தால் வேதியியலில் அதன் பெயர் உப்பு. நிகோடின் ஒரு காரம். அதை அப்படியே இழுத்தால் தொண்டையில் அடிக்கும், அதனால் பழைய லிக்விடுகளில் அளவைக் கூட்ட முடியவில்லை. பென்சாயிக் அமிலம் சேர்த்தால் நிகோடின் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு சாதுவாகிவிடும். ஸ்குவாஷ் கெடாமலிருக்கப் போடும் பென்சோயேட்டின் தாய்தான் இந்த அமிலம்.

நம் ஊர் வெற்றிலைப் பெட்டியில் நடப்பது இதற்கு நேர் எதிர். புகையிலையோடு சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரம் நிகோடினை உப்பிலிருந்து விடுவித்து, வாயின் உள்தோல் வழியே வேகமாக ரத்தத்தில் ஏற்றுகிறது. "சுண்ணாம்பு கூடினா கிர்ருங்கும்" என்று என் பாட்டி சொல்வார். அமில-கார அளவைக் குறிக்கும் பிஎச் என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. நுரையீரலுக்கு அந்த உதவி தேவையில்லை. அதன் பரப்பு அவ்வளவு பெரியது, உப்பாகப் போனாலும் வேகமாக உள்ளே இறங்கிவிடும். தொண்டை தடுக்காததால் அளவு ஏறிக்கொண்டே போனது: 2015-இல் ஜூல் என்ற அமெரிக்க வேப் வந்தபோது ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 59 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்சவரம்பு 20.

பதின்வயதுப் பிள்ளைகள் இருமாமல் இழுக்கப் பழகியதற்கு இந்த ஒரு புரோட்டானும் காரணம் என்பேன்.

வெண்ணெய், வனிலா ஃப்ளேவர்கள் நுரையீரலைக் கெடுக்கும் என்று வாட்ஸப்பில் வந்தது.

பாதி சரி. வெண்ணெய் வாசனைக்கு டைஅசிட்டைல் என்ற பொருள். 2000-இல் அமெரிக்காவின் மிசோரியில் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைத்துப்போனதால் இதன் மேல் கவனம் விழுந்தது. 2015-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 51 ஃப்ளேவர்களைச் சோதித்தபோது 39-இல் அது இருந்தது. பிரிட்டனில் வேப் லிக்விடில் இப்போது இதற்குத் தடை. ஆனால் வாட்ஸப்பில் சொல்லாதது: சிகரெட் புகையில் டைஅசிட்டைல் இதைவிட அதிகம்.

வனிலாவில் வேறு கதை. வனிலின் ஓர் அல்டிஹைடு. பாட்டில் அலமாரியில் சும்மா இருக்கும்போதே அது புரோப்பிலீன் கிளைக்காலோடு சேர்ந்து அசிட்டால் என்ற புதுப் பொருளாகிறது. செர்ரி, பட்டை ஃப்ளேவர்களிலும் அப்படியே. லேபிளில் அது இருக்காது, ஏனென்றால் யாரும் போடவில்லை, தானாக உண்டானது.

2019-இல் அமெரிக்காவில் பலர் இறந்தார்களே, நிகோடினாலா?

இல்லை. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்தார்கள். முக்கியக் குற்றவாளி வைட்டமின் ஈ அசிட்டேட். கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்த கலப்படம். தேனில் வெல்லப்பாகு கலப்பதுபோலத்தான்: நிறமும் கெட்டித்தன்மையும் ஒத்துப்போவதால் கண்ணுக்குத் தெரியாது. 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 48 பேரிடம் அது இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த ஆரோக்கியமானவர்கள் ஒருவரிடமும் இல்லை. சரும க்ரீமில் தடவிக்கொள்ளும் அதே பொருள்தான்.

காயிலின் உலோகம் லிக்விடில் கரையுமா?

கரையும், சிறு அளவில். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், புது பாட்டிலில் மிகக் குறைவாக இருந்த உலோகங்கள் காயிலைத் தொட்டபின் பல மடங்கு கூடியிருந்தன. நிக்கல், குரோமியம், ஈயம்.

சிகரெட்டை விடத் தீமை குறைவுதானே? ஒரே வரியில் சொல்லுங்கள்.

எரிதல் இல்லாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் பெரும்பாலும் இல்லை, எனவே சிகரெட்டை முழுசாக விட்டுவிட்டு மாறுபவருக்குக் குறைவு. ஒன்றுமே பிடிக்காதவருக்குக் கூடுதல்.

நிகோடின் இல்லாத வேப் இந்தியாவில் விற்கலாமா?

கூடாது. 2019 தடைச் சட்டம் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

சிங்கப்பூரில் "கேபாட்" என்று பயமுறுத்துகிறார்கள். என் தம்பியின் பையில் ஒரு வேப் கிடைத்தது, வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. அதில் இருப்பது எட்டோமிடேட், ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியை மயக்க ஊசியாகப் போடுவது. ஆஸ்பத்திரி ஊசி மருந்திலேயே அதைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பதுண்டு. வேப் லிக்விடிலும் அதே கரைப்பான் இருப்பதால் சுலபமாகக் கலந்துவிடுகிறது. அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் செய்வதை இது தடுக்கும். சிங்கப்பூரில் வேப் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். 2025 செப்டம்பர் 1-இல் எட்டோமிடேட் போதைப்பொருள் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. உங்கள் தம்பியின் பையில் கிடைத்ததை நீங்களே முகர்ந்தோ இழுத்தோ சோதிக்க வேண்டாம். எனக்குத் தபாலில் அனுப்பவும் வேண்டாம், ஒருவர் கேட்டே விட்டார்.